நாலு ஐஸ் பாட்டில் கணக்கு: மதுரை வெயிலில் ஹைட்ரோபோனிக்ஸ் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கி நாலைந்து நாள் இருக்கும், மத்தியானம் மூன்று மணிக்கு மாடிக்குப் போய், மண் இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் (இதைத்தான் ஹைட்ரோபோனிக்ஸ் என்கிறோம்) வளர்க்கும் ஒரு லெட்யூஸ் (சாலட் கீரை) செடியை நெட் பாட்டோடு, அதாவது அது நிற்கும் ஓட்டைக் கிண்ணத்தோடு, தூக்கிப் பார்த்தேன். தொட்டி நிறையத் தண்ணீர் கிடக்கிறது, செடியோ நாலு நாளாகத் தண்ணீரே பார்க்காதது மாதிரித் தலை தொங்கி நிற்கிறது. வேரை விரலால் லேசாக இழுத்ததும் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஓர் இழைதான் மிச்சம். குழைந்துபோன சேமியாவைத் தொட்டது போல இருந்தது, வாடை சாக்கடை வாடை. தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் 36.4 டிகிரி. இருபத்துநாலு செடி, ஆறு வார வேலை, அந்த வாரத்திலேயே குப்பைக்குப் போனது.

அதுவரை பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்த்தேன், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பார்த்தேன், உரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தண்ணீரின் சூட்டைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. திருப்பாலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதற்கப்புறம் பண்ணிப் பார்த்ததில் எது உதவியது, எது வெட்டிச் செலவு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 40 லிட்டர் தொட்டியை வைத்துக் கணக்குச் சொல்கிறேன், உங்களுடையது 80 லிட்டர் என்றால் டிகிரியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

சூடானால் என்னதான் ஆகிறது

வேரும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் அதற்குக் காற்று. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.5, 35 டிகிரியில் 7-தான். இவ்வளவுதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் தண்ணீர் பத்து டிகிரி சூடேறினால் வேரின் மூச்சு வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வரவு குறைகிற நேரம் பார்த்துச் செலவு இரட்டிப்பு. மூச்சு முட்டி வேர் தளர்ந்து கிடக்கும்போது பித்தியம் வந்து உட்காரும். இது அசல் பூஞ்சை கிடையாது, தண்ணீரிலேயே நீந்திப் பரவுகிற ஒரு நுண்ணுயிர், அதில் சில வகைகளுக்கு 30 டிகிரிக்கு மேல்தான் கொண்டாட்டம். நான் சேமியா என்று சொன்னது அதன் வேலைதான்.

எந்த வழிகாட்டியை எடுத்தாலும் 18 முதல் 22 டிகிரி வரை என்று போட்டிருக்கும். சரி, மதுரையில் மே மாதம் விடியற்காலைக் காற்றே 26, 27 டிகிரி. ஆழ்துளைப் போரிலிருந்து வரும் தண்ணீரே 28, 29-ல் இருக்கும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) இல்லாமல் 20 டிகிரி என்பது நடக்காத காரியம், அதைக் குறிவைத்து மனம் விட்டுப்போகாதீர்கள். மத்தியானம் மூன்று மணிக்கு 27-ஐத் தாண்டக்கூடாது, இது நடக்கும். கீரை வகைகளுக்கு 29 வரை போனாலும், காற்றுக் குமிழ் நன்றாக ஓடினால், பெரிய பாதகம் இல்லை.

முதலில் அளந்து பாருங்கள்

மீன்தொட்டிக் கடையில் ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் சல்லிசாகக் கிடைக்கும். சென்சாரைத் தண்ணீரின் நடுவில் தொங்கவிடுங்கள், அடியில் தட்டக்கூடாது, பம்பை ஒட்டியும் இருக்கக்கூடாது. காலை ஆறு, மத்தியானம் மூன்று, ராத்திரி ஒன்பது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். காலைக்கும் மூன்று மணிக்கும் இடையில் எட்டு, பத்து டிகிரி ஏறினால் வெளியிலிருந்து சூடு நேரடியாக உள்ளே போகிறது என்று அர்த்தம், அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கும் இறங்கவில்லை என்றால் தொட்டி சுடுகிற தளத்தில் உட்கார்ந்திருக்கிறது, அல்லது பம்ப் சூடேற்றுகிறது.

பாட்டில் கணக்கு

எல்லாரும் போல நானும் முதலில் ஐஸ் பாட்டிலைத்தான் தூக்கினேன். ஒரு லிட்டர் பெட் பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் பிடித்து, உறையும்போது விரிய இடம் விட்டு, ஃப்ரீசரில் போட்டு, மறுநாள் தொட்டியில் மிதக்கவிடுவது. ஒரு கிலோ ஐஸ் உருகி, உருகிய தண்ணீரும் தொட்டியின் சூட்டுக்கு வந்து சேருவதற்குள் சுமார் 450 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 40 லிட்டரை ஒரு டிகிரி இறக்க 167 கிலோஜூல் வேண்டும். பாட்டிலில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆக ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய இரண்டரை டிகிரி. எங்கள் வீட்டு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ராத்திரிக்கு நாலு பாட்டில்தான் உறைய வைக்கும். அதற்கே அம்மா, "ஏண்டா, நாலு இலைக்காக ஃப்ரீசரையே எழுதிக் குடுத்துட்டியே" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாளைக்கு நாலு பாட்டில்தான் என் கையிருப்பு என்று ஆனதும் எல்லாவற்றையும் பாட்டிலாகவே எண்ண ஆரம்பித்தேன். தொட்டி மூடி ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி, கறுப்பு நிறம் என்று வையுங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது, இந்த மூடியின் பங்கு 170 வாட். கறுப்பு அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு பாட்டிலும் கொஞ்சமும் காலி. காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் என் நாலு பாட்டிலும் மூடிக்கே போய்விடும், அப்புறம் செடிகள் நிற்கிற பைப், தளம், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் எல்லாம் பாக்கி. இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் ஐஸை ஓரமாக வைத்துவிட்டு வெயிலைத் தடுக்கிற வேலைக்குப் போனேன்.

தொட்டியை எங்கே வைப்பது

மத்தியானம் செருப்பில்லாமல் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தால் தளம் எப்படிச் சுடும் என்று தெரியும். அந்தத் தளத்தின் மேல் பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரிதான், ராத்திரி பத்து மணி வரைக்கும் அடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நாலு செங்கல், மேலே ஒரு பலகை, அடியில் காற்று போக வழி, இவ்வளவு போதும்.

நல்ல இடம் தண்ணீர்த் தொட்டி மேடைக்கு அடியில், அல்லது படிக்கட்டு அறையின் வடக்குப் பக்கச் சுவரோரம். மேற்குச் சுவரோரம் வேண்டாம், நாலு மணி வெயில் அங்கேதான் அடிக்கும். செடிகள் வெயிலில் இருக்கட்டும், தொட்டி மட்டும் நிழலுக்குப் போகட்டும், பைப் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. சிலர் தொட்டியைக் கீழே வீட்டுக்குள் வைத்து மாடிக்குப் பம்ப் பண்ணப் பார்க்கிறார்கள். அருமையான யோசனைதான், ஆனால் பம்ப் பெட்டியில் 3 மீட்டர் என்று எழுதியிருந்தால் 3 மீட்டர் உயரத்தில் சொட்டுக்கூட வராது என்று அர்த்தம், ஒழுங்காக ஓட்டம் வேண்டுமானால் அதில் பாதி உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் கரண்ட் போனால் பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கும், தொட்டியில் அதற்கு இடம் விடாவிட்டால் ஹாலில் நீச்சல்தான்.

தரை வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வேப்பமர நிழலில் குழி வெட்டித் தொட்டியைக் கழுத்துவரை புதைத்துவிட்டால் மண்ணே 28, 29 டிகிரியில் பிடித்து வைத்துக்கொள்ளும். மாடிக்காரர்களுக்கு அது இல்லை.

நிறம். உட்பக்கம் வெளிச்சம் புகாத கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளை. வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், அதனால் உள்ளே கறுப்பு அவசியம். வெள்ளை பெயிண்டை நேரே பிளாஸ்டிக்கில் அடித்தால் உரிந்துவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

பைப் என்னும் வாட்டர் ஹீட்டர்

தொட்டியைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டுப் பைப்பை மறந்துவிடுவதுதான் எல்லாரும் செய்வது, நானும் செய்தேன். 3 அங்குலப் பைப், பத்தடி நீளம், நாலு வரிசை என்றால் வெயிலில் கிடக்கும் பரப்பு கிட்டத்தட்ட 0.9 சதுர மீட்டர். மேலே சொன்ன மூடியைப் போல ஐந்து மடங்கு. அதற்குள் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடித் தொட்டிக்குத் திரும்புகிறது, மாடியில் சோலார் ஹீட்டர் வேலை செய்வதும் இப்படித்தான். திரும்பி வரும் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பாருங்கள். எனக்குத் தொட்டியைவிட மூன்று டிகிரி அதிகம் காட்டியது.

சாம்பல் நிறப் பைப் என்றால் முதலில் வெள்ளையாக்குங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை, மார்ச் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை. வலையைச் செடிக்கு மேல் ஐந்தாறு அடி உயரத்தில் கட்டவேண்டும், தலையை ஒட்டிக் கட்டினால் அனல் அடியில் தேங்கும். வெள்ளை வலை கிடைத்தால் விடாதீர்கள், பச்சையைவிடக் குளிர்ச்சி. வலை கட்ட வழியில்லாதவர்கள் குறைந்தது திரும்பி வரும் குழாயையாவது பழைய வேட்டித் துணி சுற்றி வையுங்கள்.

கோடையில் மட்டும் பைப் முறையை விட்டுவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் வேர் நேராகத் தண்ணீரில் தொங்குகிற முறைக்கு மாறினால் இன்னும் நிம்மதி. நான் இப்போது அப்படித்தான். மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் பெட்டியைக் கேட்டால் கொடுப்பார்கள், சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி வெயிலில் காய வைத்தால் நாற்றம் போய்விடும். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் ஷீட்டை மிதக்கவிட்டு, காற்று அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டதிலிருந்து நம் பக்கத்தில் தெர்மாகோல் என்றாலே சிரிப்புத்தான். அணைக்குச் சரிப்படாதது நாற்பது லிட்டருக்கு நன்றாகவே சரிப்படும்.

பம்ப்

தண்ணீருக்குள் கிடக்கும் பம்ப் தின்கிற மின்சாரம் பெரும்பாலும் கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயே கரைகிறது. 40 வாட் பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் 40 லிட்டரில் முக்கால் டிகிரிக்கு மேல் ஏறும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு பாட்டில். 18 வாட் போதுமான இடத்தில் 40 வாட் போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். டைமர் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டம், பதினைந்து நிமிடம் ஓய்வு என்றால் இன்னும் பாதி மிச்சம். மத்தியான வெயிலில் ஓய்வை இதற்குமேல் நீட்டாதீர்கள், மெல்லிய படலத்தில் நிற்கும் வேர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஏர் பம்ப் கதை வேறு. அதை இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிடுங்கள், ஆனால் நிழலில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் 45 டிகிரிக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கும். மட்டத்துக்குக் கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் ட்யூப் வழியாகப் பின்னால் ஏறிப் பம்புக்குள் போய்விடும். ஏர் ஸ்டோனில் (காற்றைக் குமிழாக்கும் கல்லில்) உப்புப் படிந்து குமிழ் பெரிதாகிவிட்டால் வினிகரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள், நம் ஊர் போர் தண்ணீருக்கு இது மாதத்துக்கு ஒரு தரம் தேவைப்படும்.

ஈரச் சாக்கு, நம் ஊருக்கே உரிய வழி

மதுரையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு, இங்கே மே மாத மத்தியானம் காற்று வறண்டு கிடக்கும். 39 டிகிரி வெயில், ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றி காற்றில் வைத்த தெர்மாமீட்டர் 26, 27-ல்தான் நிற்கும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். சென்னையில் கடற்காற்று ஏறிவிட்டால் இந்த வித்தை பாதிதான் பலிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஐந்து ஐஸ் பாட்டிலுக்குச் சமம், ஃப்ரீசரும் வேண்டாம், அம்மாவிடம் திட்டும் வேண்டாம். அவ்வளவும் தொட்டியிலிருந்தே போகாது, ஒரு பகுதி சுற்றியிருக்கும் காற்றின் சூடு. பாதி கிடைத்தாலே இரண்டரைப் பாட்டில்.

செய்முறை இதுதான். சுவர் மெல்லியதான பக்கெட் அல்லது எவர்சில்வர் அண்டா எடுத்து, உள்ளே உணவுத்தரமான கறுப்புப் பை விரித்துக் கரைசலை ஊற்றுங்கள். வெளியே கோணிச்சாக்கை ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். சாக்கு பக்கெட்டை ஒட்டிக்கொண்டு இருக்கவேண்டும், இடைவெளி விட்டால் பலன் இல்லை. அடியில் ஓர் அகலத் தட்டு, அதில் இரண்டு அங்குலத் தண்ணீர், சாக்கின் நுனி அதில் தோய்ந்து கிடந்தால் தானாகவே மேலே உறிஞ்சிக்கொள்ளும். மேல் பாதி காய்ந்துபோகும், அதனால் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடவேண்டும். காற்றோட்டமான நிழலில் வையுங்கள், நாலு பக்கமும் அடைத்த மூலையில் சாக்கு புழுங்கி நாறும். கொசு வராமல் இருக்கத் தட்டுத் தண்ணீரை நாலு நாளைக்கு ஒரு தரம் கொட்டிவிடுங்கள்.

இதில் நான் பண்ணிய முட்டாள்தனம் ஒன்று. தெர்மாகோல் பெட்டிக்கு மேலே ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, இரட்டைப் பாதுகாப்பு என்று பத்து நாள் பெருமையாக இருந்தேன். அரை டிகிரிகூட இறங்கவில்லை. எப்படி இறங்கும், சாக்கு குளிர்வது தெர்மாகோலைத் தாண்டி உள்ளே போனால்தானே? ஈரச் சாக்குக்குச் சூடு கடத்துகிற சுவர் வேண்டும், ஐஸுக்குச் சூடு கடத்தாத சுவர் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆள் வீட்டில் இருந்து தண்ணீர் ஊற்ற முடியும் என்றால் சாக்கு, காலையில் வேலைக்குப் போய் ராத்திரி வருபவர் என்றால் தெர்மாகோலும் ஐஸும்.

மானாமதுரைப் பானையிலேயே கரைசலை ஊற்றி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் வாங்கிவந்து பண்ணினேன். இரண்டு நாள் பிரமாதமாகக் குளிர்ந்தது, அப்புறம் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, துளை அடைத்துக்கொண்டு, வெறும் பானையாகிவிட்டது. கரைசலைப் பக்கெட்டில் ஊற்றி, பக்கெட்டைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, நடுவில் ஆற்றுமணல் போட்டு மணலை நனைத்து வைத்தால் உப்புத் தொல்லை இல்லை. வெயிட் மட்டும் பயங்கரம், பழைய வீட்டு மாடிக்கு யோசித்துச் செய்யுங்கள்.

இப்போது ஐஸ்

இவ்வளவும் செய்த பிறகு நாலு பாட்டில் தாராளம். பாட்டிலின் வெளிப்பக்கத்தைக் கழுவிவிட்டுப் போடுங்கள். பதினொரு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு இரண்டு, மூன்றரைக்கு ஒன்று. காலையிலேயே நாலையும் போட்டால் பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துபோகும், சூடு ஏறுவது அதற்கப்புறம்தான். வேரில் முட்டாமல் ஒரு மூலையில் மிதக்கட்டும். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடவே வேண்டாம், கரைசல் நீர்த்துவிடும்.

தண்ணீர் சேர்ப்பது

நாற்பது லிட்டர் தொட்டியில் கோடையில் நாளைக்கு ஐந்து லிட்டர் வரை குறையும். மாடித் தொட்டிக் குழாயை மூன்று மணிக்குத் திறந்தால் வருவது 40 டிகிரி வெந்நீர், அதில் ஐந்து லிட்டர் ஊற்றினால் அரை பாட்டிலுக்கு மேல் தண்டம். முதல் நாள் ராத்திரியே வீட்டுக்குள் மண்பானையில் பிடித்து வைத்து, விடியற்காலையில் ஊற்றுங்கள். வெறும் தண்ணீர்தான், உரம் கலக்காதீர்கள். வெயிலில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, மிச்சக் கரைசல் தானாகவே கெட்டியாகும். லெட்யூஸுக்கு மற்ற நாளில் ஈசி (கரைசலின் உரச் செறிவைக் காட்டும் அளவு) 1.4 வைப்பவர்கள் கோடையில் 0.8, 1.0 என்று குறைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் ஆர்ஓ தண்ணீர் பாதி கலந்துகொள்ளலாம்.

சில்லர் வாங்கலாமா

மீன்தொட்டிச் சில்லர் வேலை செய்யும், சந்தேகமே இல்லை. சின்ன அளவில் வளர்ப்பவருக்குச் செடி, பைப், உரம் எல்லாம் சேர்த்த செலவைவிட அது ஒன்றே அதிகமாகும். வாங்கினாலும் நிழல்வலையும் தெர்மாகோலும் போட்ட பிறகு வாங்குங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கரண்ட் பில்லை ஏற்றும். பெல்டியர் (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்கிற சின்னத் தகடு) வைத்துச் செய்யும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள், 60 வாட் தின்றுவிட்டு அதில் பாதி அளவுக்குக்கூடச் சூட்டை வெளியேற்றாது. செம்புக் குழாயைச் சுருட்டிக் கரைசலுக்குள் போடவும் வேண்டாம், செம்பு கரைந்து வேருக்கு விஷமாகும், எவர்சில்வர் குழாய்தான் சரி.

வேர் ஏற்கெனவே பழுப்பாகிவிட்டால்

வழுவழுப்பு வந்த செடியைத் தூக்கி எறியுங்கள், பாவம் பார்க்காதீர்கள். தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நன்றாக அலசிக் காயவிட்டுப் புதுக் கரைசல் பிடியுங்கள். வெள்ளை வேர் பாதிக்கு மேல் இருக்கும் செடி, சூட்டை இறக்கிக் காற்றைக் கூட்டினால் பத்து நாளில் புது வேர் விடும். உரக்கடையில் பேசிலஸ் சப்டிலிஸ் கிடைக்கும், புதுக் கரைசலில் சேர்க்கலாம், ஆனால் அதையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து ஊற்றினால் பெராக்சைடு அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

என்ன வளர்ப்பது

என்னைக் கேட்டால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மதுரையில் லெட்யூஸ் வேண்டாம். தண்ணீரை 25-ல் வைத்தாலும் மேலே அடிக்கிற அனலுக்குப் பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும். தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, பசலை, திருநீற்றுப்பச்சிலை இதெல்லாம் 29, 30 டிகிரித் தண்ணீரிலும் தளதளவென்று வரும். ஐப்பசி மழை பிடித்த பிறகு லெட்யூஸ் விதை போடுங்கள், மார்கழி, தையில் ஐஸும் வேண்டாம், சாக்கும் வேண்டாம்.

கரண்ட் இல்லாத நாள்

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். கோடையில் இதுதான் பெரிய கண்டம். முந்தின நாள் அறிவிப்பைப் பார்த்ததுமே தொட்டியை நன்றாக நிரப்பிவிடுங்கள் (பைப் முறை என்றால் பைப்பிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இடம் விட்டு), தண்ணீர் அதிகம் இருந்தால் சூடு மெதுவாக ஏறும். பவர் பேங்கில் ஓடும் சின்ன யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் பிழைத்தீர்கள். அது இல்லாத ஒரு நாளில் நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். ஃப்ரீசரைத் திட்டின அதே அம்மாதான் அரை மணிக்கு ஒரு தரம் மாடிக்கு ஏறி, தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு இரண்டடி உயரத்திலிருந்து இருபது தடவை திரும்ப ஊற்றிவிட்டு வந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் 28.1 டிகிரி, வேர் வெள்ளையாகவே இருந்தது.